படத்தில் வளைந்த தண்டு

பந்து தண்ணீரில் விழுந்ததை நான் பார்க்கவில்லை. அப்போது என் முகம் காமிராவின் தோல் மூடிக்குள் புதைந்திருந்தது. மட்டை காற்றைக் கிழித்த ஒலி கேட்டது. பந்தை அறைந்த ஒலி கேட்டது. அதற்குப் பிறகு யாரும் கை தட்டவில்லை. பந்து போன இடத்தை அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

தலையை நிமிர்த்தினேன். எங்கள் பட்டறைத் துரை மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கிய நிலையிலேயே வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எண்ணூர்க் கழி வெயிலில் தகடுபோலக் கிடந்தது. தகட்டின் நடுவில் ஒரு வட்டம் விரிந்து கரைந்தது. சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள்.

அது கோல்ஃப் போட்டியின் கடைசிக் குழி. கோப்பை போய்விட்டது.

துறைமுகத்தை ஒட்டிய ஓர் இரும்புப் பட்டறையில் வரைபடக்காரனாகச் சேர்ந்த கதையைப் போன வாரம் இந்தப் பக்கத்தில் எழுதினேன். அதைப் படித்த ஓர் அன்பர், நான் போன இடத்திலெல்லாம் நல்லவனாகவே இருந்திருக்கிறேனே என்று வியந்து எழுதியிருக்கிறார். அவர் வியப்பதற்கு நானே காரணம். ஏற்கெனவே எழுதியிருக்க வேண்டிய ஒன்றைத் தள்ளித் தள்ளிப் போட்டு வந்தேன். இந்த வாரம் அதை எழுதிவிடுகிறேன்.

புல் இல்லாத புல்வெளி

எங்கள் பட்டறைத் துரைமார்கள் கழிக்கும் உப்பளத்துக்கும் இடையில் கிடந்த மணல் நிலத்தைக் கோல்ஃப் மைதானம் ஆக்கியிருந்தார்கள். சீமையில் குழியைச் சுற்றிப் பச்சைப் புல்லை வளர்ப்பார்களாம். இங்கே உப்புக் காற்றில் புல் எங்கே முளைக்கும்? மணலை வட்டமாகச் சமன்செய்து, பட்டறையில் இயந்திரங்களிலிருந்து வடித்த கழிவெண்ணெயை ஊற்றி, உருளையால் அழுத்திவிடுவார்கள். கறுத்துப் பளபளக்கும். துரைமார்களின் வெள்ளைக் கால்சராய் ஓரங்களில் அந்தக் கறை எப்போதும் இருக்கும். காற்று திரும்பினால் மைதானம் முழுவதும் இஞ்சின் வாடைதான்.

பந்தைத் தூக்கிக்கொண்டு போகும் காகங்களும் உண்டு. முட்டை என்று நினைத்துவிடுமோ என்னவோ. அதற்கென்றே ஆட்டத்தில் ஒரு விதி வைத்திருந்தார்கள்.

எனக்கு அந்த ஆட்டம் ஆடத் தெரியாது, ஆட விடவும் மாட்டார்கள். நான் போனது காமிராவுக்காக. ஊர் திரும்பிய ஒரு கப்பல் அதிகாரியிடமிருந்து பழைய காமிரா ஒன்று எனக்குக் கிடைத்திருந்தது. பெட்டிபோலப் பெரியது. ஓடும் குதிரையையும் நிறுத்திப் பிடிக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார். அது தெரிந்த துரை, போட்டி நாளில் தம்மைப் படம் எடுக்கச் சொன்னார்.

லாசர்

மட்டைகளுக்குத் தண்டு போட்டுக் கொடுத்தவர் லாசர். ராயபுரத்துக் கிறிஸ்தவர். தோணிக்குத் துடுப்பு இழைக்கும் வேலையிலிருந்து இதற்கு வந்தவர். அப்போதெல்லாம் தண்டு மரத்தால் ஆனது. அமெரிக்காவிலிருந்து ஒருவகை மரம் கோல்களாகக் கப்பலில் வரும். லாசர் அதை இழைப்புளியால் இழைத்து, பிறகு உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டி மெல்லியதாக்குவார். ஆளிவிதை எண்ணெய் தேய்த்து வெயிலில் காயவைப்பார். மட்டையின் தலையைத் தண்டோடு சேர்த்து மெழுகு நூலால் இறுகச் சுற்றுவார். அதே மெழுகை மீசைக்கும் தடவிக்கொள்வார் என்று மட்டை தூக்குகிறவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். எந்தக் காற்றுக்கும் அந்த மீசை அசைந்து நான் பார்த்ததில்லை.

அடக்கமானவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. தம் தண்டைப் பற்றி அவரிடம் வாய் கொடுத்தால் தப்பிக்க முடியாது. எனக்கு அவர் சொன்ன சித்தாந்தம் இது:

"மேல தூக்கும்போது கம்பு வளையும் சார். எறக்கும்போதும் வளையும். ஆனா பந்துகிட்ட வந்துச்சின்னா நூல் புடிச்சாப்ல நிக்கும். நிக்கலன்னா அது லாசரு கம்பு இல்ல, தொரப்பக்கட்டை."

நான் கல்லூரியில் பௌதிகம் படித்தவன். வில் மாதிரி வளைந்த மரம் பந்தில் படும்போதுதான் நிமிரும், அந்த வேகம்தான் பந்துக்குப் போகிறது என்று அவரோடு வாதாடினேன். மிக அண்மையில்தான், கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மட்டும் மின்னொளியைப் பாய்ச்சி எடுத்த படங்களைப் பற்றிப் படித்தேன். பந்தில் படும் கணத்தில் நல்ல தண்டு நேராகவும் நிற்பதில்லையாம், பின்னாலும் வளைவதில்லையாம். தலை முந்திக்கொள்ள, லேசாக முன்பக்கம் வளைந்திருக்குமாம். ஆக, இரண்டு பேர் சொன்னதும் தவறு. அப்போது இருவருமே சத்தமாகப் பேசினோம்.

அந்தப் போட்டிக்கு முன்னால் துரையின் பெரிய மட்டைக்கு லாசர்தான் புதிதாகத் தண்டு போட்டுக் கொடுத்திருந்தார். பந்து கழிக்குள் போனதும் துரை முதலில் அந்தத் தண்டைத்தான் பார்த்தார். கையால் வளைத்துப் பார்த்து, மரம் மெத்து என்று உடனிருந்தவர்களிடம் சொன்னார். தண்டு இளகியதாக இருந்தால் மட்டையின் தலை பின்தங்கி வரும், பந்தில் படும் முகம் வெளிப்பக்கமாகத் திறந்துகொள்ளும், பந்து வலப்பக்கம் போகும். கணக்கு சரிதான்.

மட்டை தூக்குகிறவர்கள் இதை லாசரிடம் கொண்டுபோய்ச் சொன்னார்கள். அவர் குரலைத் தாழ்த்தாமலே பதில் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"கம்புல இன்னாடா தப்பு? தொர பந்துகிட்ட வரும்போது எடது மணிக்கட்ட ஒடிக்கிறாரு. தோசைய திருப்பிப் போடுறாப்ல. அப்பால பந்து தண்ணிக்கிப் போவாம கோயிலுக்கா போவும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு துரையின் காதுக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. அவர் கோபப்படவில்லை. படம்தான் இருக்கிறதே, அதுவே சொல்லட்டும் என்றார்.

ஈரம் காயாத படம்

அன்று சாயங்காலமே காமிராவின் கண்ணாடித் தகட்டைக் கழுவினேன். எங்கள் வீட்டுக் குளியலறைதான் இருட்டறை. சிவப்பு விளக்கில் படம் மெல்ல எழுந்து வந்தது. மட்டையின் தலை பந்தை ஒட்டி இருந்தது. அந்தக் கணத்தைச் சீமையிலேயே பலர் பிடிக்க முயன்று தோற்றிருக்கிறார்கள் என்று துரை சொல்லியிருந்தார். நான் பிடித்துவிட்டேன்.

தண்டு வளைந்திருந்தது. சும்மா வளையவில்லை. நாண் ஏற்றிய வில்லைப்போல, தலை பின்தங்க, முழு நீளத்துக்கும் வளைந்திருந்தது.

துரை ஆள் அனுப்பியிருந்தார். ஈரம் காய்வதற்குள் ஒரு பிரதியைக் கொடுத்தனுப்பினேன். அவசரம் அவருடையது மட்டும் அல்ல.

ஆள் போன பிறகு இன்னொரு பிரதியை வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். அப்போதுதான் துரையின் இடது கை கண்ணில் பட்டது. புறங்கை முன்கையை நோக்கி மடிந்து, மணிக்கட்டில் ஒரு குழி விழுந்திருந்தது. லாசர் சொன்ன தோசைத் திருப்பி. கை அப்படி மடிந்தாலும் மட்டையின் முகம் திறக்கும், பந்து வலப்பக்கம் போகும். அந்தப் படத்தில் பந்து வழிதவறியதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. வளைந்த தண்டு பெரிதாக இருந்தது. எல்லோர் கண்ணும் அதில்தான் போகும்.

எனக்கு வேறொன்றும் உறுத்தியது. சில மாதங்களுக்கு முன் எண்ணூர் நிலையத்தைக் கடந்து ஓடிய ரயிலை எடுத்திருந்தேன். அதில் சக்கரங்கள் முட்டை வடிவில் விழுந்திருந்தன. கண்ணாடி வில்லையின் குறை என்று விட்டிருந்தேன். அந்தப் படத்தை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தேன்.

ருக்மணி சுழற்றிய கம்பி

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீடு கட்டியபோது மிஞ்சிய ஜன்னல் கம்பி ஒன்று மாடியில் துருப்பிடித்துக் கிடந்தது. விரல் பருமன் இரும்பு. என் மனைவி ருக்மணியை மாடிக்குக் கூப்பிட்டு அதைக் கொடுத்து, துரை மட்டை சுழற்றுவதுபோலச் சுழற்றச் சொன்னேன். பக்கத்து வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று சிணுங்கினாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாட்டம் பார்த்து நின்று, நான் எதிர்பார்க்காத வேகத்தில் சுழற்றினாள். படம் எடுத்தேன்.

தகட்டில் இரும்பு வளைந்திருந்தது.

காரணம் எளிது. அந்தக் காமிராவில் தகட்டுக்கு முன்னால் ஒரு கறுப்புத் திரை உண்டு. திரையில் ஒளி நுழைய ஒரு கீற்று. பொத்தானை அழுத்தினால் கீற்று மேலிருந்து கீழே ஓடும். தகட்டில் உருவம் தலைகீழாக விழுவதால், தரையை ஒட்டியிருக்கும் மட்டைத் தலை முதலில் பதியும், கை கடைசியில் பதியும். அந்த இடைவெளி மிகச் சிறியது. ஆனால் மட்டையும் சும்மா இருக்கவில்லையே. ஓடுகிறவனின் காலை இந்தக் கணத்திலும் தலையை அடுத்த கணத்திலும் பார்த்து வரைந்தால், நேராக ஓடுகிறவனும் சாய்ந்தே தெரிவான். நீளமான தண்டை அந்தக் கீற்று வளைத்துவிடும். மணிக்கட்டு சிறியது, மெதுவாக நகர்வது. அதைக் கீற்று அப்படியே காட்டும்.

ஆக என் படத்தில் தண்டு பொய், மணிக்கட்டு உண்மை.

ருக்மணி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "இரும்பு முருங்கைக்காய் மாதிரி வளைஞ்சிருக்கே. அப்போ அந்த லாசர் மேல ஒரு தப்பும் இல்லையா?"

இல்லை என்றேன். நாளைக்குத் துரையிடம் சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னேன். சொல்லும் எண்ணம் அப்போது எனக்கு உண்மையாகவே இருந்தது.

ஒரு சொல்

திங்கட்கிழமை துரையின் அறைக்குள் நான் போனபோது படம் மேஜைமேல் இருந்தது. அதற்குள் அதைப் பெரிதாக்கவும் ஏற்பாடு செய்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. என் தோளைத் தட்டி, இதைச் சீமையில் ஒரு விளையாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பப் போவதாகவும், படத்துக்குக் கீழே என் பெயர் அச்சாகும் என்றும் சொன்னார். இந்தியன் ஒருவன் எடுத்த படம் என்று அவர்கள் நம்பமாட்டார்கள் என்று சிரித்தார்.

படத்தின் குறையைச் சொல்ல வாயெடுத்தேன். தண்டு குற்றமற்றது என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். அவருடைய மணிக்கட்டை நான் விரலால் தொட்டுக் காட்ட வேண்டியிருக்கும். அதைவிட, அந்தப் பெயர். அச்சில் என் பெயர் எப்படி இருக்கும் என்று அதற்குள் மனம் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டது.

அப்போது லாசரை உள்ளே கூப்பிட்டார்கள். நான்தான் மொழிபெயர்ப்பாளன்.

லாசர் மேல்கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நிமிர்ந்து நின்றார். சண்டை போடும் முடிவோடுதான் வந்திருந்தார். துரை படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

லாசர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பந்துகிட்ட வந்தால் நூல் பிடித்ததுபோல நிற்கும் என்று அவர் உலகத்துக்கே சொல்லிவந்த கம்பு, பந்துகிட்ட வளைந்து நின்றது. அவருடைய சித்தாந்தமே அவருக்கு எதிர்ச்சாட்சி. கை மணிக்கட்டின் பக்கம் அவர் கண் போகவே இல்லை.

பிறகு துரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"சார், நீ படிச்சவன். படம் பொய் சொல்லுமா?"

"சொல்லாது" என்றேன்.

அவ்வளவுதான். அவன் என்ன கேட்டான் என்று துரை என்னிடம் விசாரித்தார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

"அப்ப என் கம்புதான்" என்றார் லாசர். "மரத்தப் பாக்கத் தெரியாம பூட்டுச்சு எனக்கு." துரை பேரில் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று மன்னிப்பும் கேட்டார். அதையும் நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்த வாரத்தோடு அவர் வேலை நின்றது. கப்பலில் எஃகுத் தண்டுகள் வந்தன. துரையின் பந்து எஃகிலும் வலப்பக்கம்தான் போயிற்று. கழியில் முங்கிப் பந்து எடுக்கிறவர்கள், கம்பு மாறியும் கழி மாறவில்லை என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். சீமைப் பத்திரிகை அந்தப் படத்தைப் போடவே இல்லை.

ருக்மணி கேட்டாள். சொல்ல முடியாமல் போய்விட்டது என்றேன். அவள் திருப்பிக் கேட்கவில்லை. ஜன்னல் கம்பித் தகட்டைச் சுரண்டிக் கழுவி, ஒரு சாமி படத்துக்குக் கண்ணாடியாகப் போட்டுவிட்டேன்.

உலக்கை

சில வருஷங்கள் போயின. நான் வேறு கம்பெனிக்கு மாறியிருந்தேன். ஒரு நாள் காலை ராயபுரம் கடற்கரையில் மீன் வாங்கப் போனபோது, மணலில் குத்தி வைத்திருந்த துடுப்புகளைப் பார்த்தேன். கைக்கு அடங்காத பருமன். இது என்ன என்று ஒரு மீனவரிடம் கேட்டேன்.

"லாசரு துடுப்பு சார். இத்தப் போட்டு கடல்ல வலிக்க முடியாது, வூட்ல நெல்லு குத்தலாம். மெல்லிசா இழைன்னா பயப்படுறாரு. ஒடிஞ்சிரும், ஒடிஞ்சிரும்ன்றாரு. அந்தக் காலத்துல இந்த கரையிலேயே அவருதான் கை."

லாசர் ஒரு தோணியின் நிழலில் உட்கார்ந்திருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டு எழுந்து நின்றார். மீசை தொங்கியிருந்தது. நலம் விசாரித்தோம். துடுப்புகளைப் பற்றி நான் பேச்செடுத்ததும் வெட்கத்தோடு சிரித்தார்.

"இன்னா பண்றது சார். நல்ல மரம்னு கை சொல்லுது. அன்னிக்கும் அப்படித்தான் சொல்லுச்சு. அந்தப் படம் பாத்ததுலேர்ந்து கை சொல்றத நம்பறதில்ல."

அன்று நான் மீன் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர் வரும் நேரத்துக்குக் காமிராவோடு போனேன். ஓர் இரும்புக் கம்பியைக் கொடுத்துச் சுழற்றச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் சுழற்றினார். மறுநாள் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கீற்றைப் பற்றி, திரையைப் பற்றி, மணலில் கோடு போட்டுச் சொன்னேன். உங்கள் கம்பில் குற்றம் இல்லை, துரையின் மணிக்கட்டில்தான் குற்றம், நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன். அவரை "நீங்கள்" என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாம் கையில் பிடித்திருந்த இரும்பு, தாமே சுழற்றியது. அது வளைந்திருந்தது. முதலில் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏ மேரி, இங்க வா. இரும்பு வளையுது பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். படத்தை எடுத்துக்கொண்டு போய், தோணிகளுக்கிடையே வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் காட்டினார். நெல் குத்தலாம் என்று சொன்ன அந்த மீனவரின் மூக்குக்கு நேரே அதைப் பிடித்தார்.

திரும்பி வந்து, மூச்சு வாங்க, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"இத எப்ப சார் கண்டுபுடிச்ச?"

"இப்பத்தான்" என்றேன்.

ஒரு வஞ்சிரத்தைப் பனையோலையில் சுற்றிக் கையில் திணித்தார். வாங்கிக்கொண்டேன். ருக்மணி அதைக் குழம்பு வைத்தாள். சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். எல்லாவற்றையுமா என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

லாசரின் துடுப்புகள் மறுபடி மெலிந்தன. வெளியூரிலிருந்தும் வந்து வாங்கிப் போனார்கள். படித்த மனுஷன் என்றால் அவர்தான், தப்பு தெரிந்த அன்றைக்கே ஓடிவந்து சொன்னார் என்று கரை முழுவதும் லாசர் என்னைப் பற்றிச் சொல்லிவந்தார். மகள் கல்யாணத்துக்குக் கோயிலில் முன்வரிசையில் என்னை உட்காரவைத்தார். ருக்மணி வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டாள்.

லாசரும் ருக்மணியும் இப்போது இல்லை. லாசரின் பேரன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார், இந்த வார இதழை வாங்கிப் படிக்கிறவர் என்று கேள்விப்பட்டேன். தாத்தா என்னைப் பற்றிச் சொன்னதை அவரும் கேட்டு வளர்ந்திருப்பார். தாத்தா கரையில் என் கையைப் பிடித்துக் கேட்ட கேள்விக்கு நான் சொல்லாத பதிலை அவருக்குச் சொல்கிறேன்.

உங்கள் தாத்தாவை அந்த அறைக்குள் கூப்பிட்டதற்கு முந்தின நாளே எனக்குத் தெரியும்.